பச்சை மண்ணும் ஒரு வரி வசனமும்

பிப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்து, வெந்நீர் குடித்து, பையைச் சரிபார்த்துக்கொண்டேன். ஆறு மணிக்குச் சென்னையிலிருந்து கார் புறப்பட்டது. பின்னிருக்கையில் எழுபத்தெட்டு வயது ஜப்பானிய நடிகர். முன்னால் அவருடைய மொழிபெயர்ப்பாளனாக நான்.

வழியெல்லாம் ஒரே தமிழ் வசனத்தை முணுமுணுத்துக்கொண்டு வந்தார்: “இது உடையாம ஊர் போய்ச் சேரணும்.” ஒரு தொலைக்காட்சித் தொடரில், பேத்திக்குப் பொம்மை வாங்கும் தாத்தா வேடம்.

வேப்பூரில் தேநீர், பதினைந்து ரூபாய். ஓட்டுநர் கேட்டார்: “இத்தன வருசம் நடிச்சவருக்கு ஒரு வரி மண்டையில ஏறலீங்களா சார்?” அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

இடப்புறம் திரும்பி விருத்தாசலம் சாலையில் போகும்போது நடிகரே தன் கதையைச் சொன்னார். பத்தொன்பது வயதில், சரித்திரப் படங்களில் வாளால் வெட்டுப்பட்டு விழுகிறவராகத் தொடங்கியிருக்கிறார். பிறகு தொலைக்காட்சியில் நெடுங்காலம் காவல் அதிகாரி, அப்பா, இப்போது தாத்தா. போன ஆண்டு படப்பிடிப்பில் வசனம் மறந்தது. மறுபடியும் மறந்தது. இன்றைய காட்சியைப் பார்த்துவிட்டுத்தான் இந்தத் தொடரில் அவர் நீடிப்பதா என்று முடிவெடுப்பதாக இயக்குநர் சொல்லியிருந்தார்.

பதினொரு மணிக்குச் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மைக் கூடம். காட்சியில் உண்மையான வேலை தெரியட்டும் என்று, அங்கே வேலை செய்யும் தேவகி அச்சில் களிமண் கூழை ஊற்றி வைத்திருந்தார். நடிகர் சுட்ட பொம்மை ஒன்றைக் கையில் எடுத்து அவரிடம் வசனத்தைச் சொல்ல வேண்டும். “இது உடையாம…” என்று ஒவ்வொரு முறையும் அங்கேயே நின்றது.

திரும்பவும் படம்பிடிக்கத் தொடங்கியதும் தேவகி அச்சின் பக்கம் திரும்பினார்.

“கூழக் கொட்டணும்ங்க. இதுக்கு மேல வுட்டா உள்ள கெட்டியாயி, சூளையில வெடிச்சிரும்.”

“கேமரா ஓடுதும்மா,” என்றார் கூடத்தின் முதலாளி.

“ஓடட்டும்ங்க. மண்ணுக்கு யாரு சொல்றது?”

அவர் அச்சைத் தூக்கினார். நடிகர் பொம்மையைக் கீழே வைத்துவிட்டு மறுமுனையைப் பிடித்தார். இருவரும் சாய்த்தார்கள். அச்சின் உட்சுவரில் படிந்தது போக மிஞ்சிய கூழ் வாளியில் இறங்கி, கடைசிச் சொட்டு விழும்வரை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். வசனம் வரவில்லை.

இயக்குநர் திரையில் பார்த்தார். இந்தக் காட்சி இப்படியே இருக்கட்டும், ஆனால் இதுவே அவருடைய கடைசிக் காட்சி என்றார். நடிகர் குனிந்து வணங்கினார். காரில் ஏறியபின், “விழுவதற்கு வசனம் தேவைப்படவில்லை. முடிவதற்கும் தேவைப்படவில்லை,” என்றார்.

மறுநாள் காலை முதல் வேலையாக அவர் விருத்தாசலம் விடுதியில் என் அறைக் கதவைத் தட்டினார். கூடத்துக்குப் போனோம். தேவகி முந்தைய நாள் அச்சைப் பிரித்துப் பொம்மையைப் பலகையில் வைத்திருந்தார். கேமரா இல்லை. நடிகர் அதன் முன் நேராக நின்று, நிறுத்தாமல் சொன்னார்:

“இது உடையாம ஊர் போய்ச் சேரணும்.”

“ஐயோ, இது பச்ச மண்ணுங்க. தொட்டாலே ஒடைஞ்சிரும். சுட்டது ஒண்ணு வைக்கோல் சுத்தித் தரேன், எடுத்துட்டுப் போவச் சொல்லுங்க.”

சொன்னேன். அவர் தலையை அசைத்து மறுத்தார். இது எப்போது சூளையிலிருந்து வெளியே வரும் என்று கேட்டார்.

“காஞ்சு, சுட்டு, ஆறி… சனிக்கிழமை ஆயிருங்க.”

விடுதிக்குத் திரும்பி, ஞாயிறு வரை அறையை நீட்டித்தேன்.