வினைக்கு முன்னால் நின்ற சொல்

அண்ணன் இறந்துவிட்டான் என்ற செய்தி எங்கள் வீட்டில் முதலில் என் காதுக்குத்தான் வந்தது. அது ஆங்கிலத்தில் வந்தது.

அப்போது நான் மாட்டுப்பட்டி அணைக்குப் போகும் சாலையில் உள்ள ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பு வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. வருகிறவர்களுக்குச் சாவி கொடுக்க வேண்டும், டீயா காப்பியா என்று கேட்க வேண்டும், அணைப்பக்கம் தண்ணீரில் இறங்காதீர்கள் என்று எச்சரிக்க வேண்டும். அதற்குப் போதுமான ஆங்கிலம் என்னிடம் இருந்தது. மூணாறு டவுனில் ஒரு கடையின் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்திய சார் கொடுத்த ஆங்கிலம் அது. எஸ்டேட் பிள்ளைகள் நாங்கள் ஆங்கிலம் என்றால் மிரண்டு வாயடைத்துப் போவோம் என்று அவருக்குத் தெரியும். அதனால் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்.

“வேகமாப் பேசுறவங்ககிட்ட எல்லாத்தையும் பிடிக்க நினைக்காதீங்க. வெர்பை மட்டும் பிடிங்க. யாரு, என்ன செஞ்சாங்க, அது போதும். அட்வெர்ப் எல்லாம் பூ வச்சுப் பொட்டு வச்ச மாதிரி. அது இல்லாட்டியும் ஆள் அதே ஆள்தான்” என்பார்.

அந்த வழியும் பலித்தது. விருந்தினர் பேசுவதில் பாதி புரியாமலே நான் நல்ல பெயர் வாங்கினேன்.

அண்ணன் மாலத்தீவில் ஒரு தீவு ரிசார்ட்டின் சமையலறையில் வேலை பார்த்தான். எங்கள் குடும்பத்தில் கடலைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். தேயிலைச் சரிவில் வளர்ந்த எங்கள் யாருக்கும் நீச்சல் தெரியாது. ஊரில் அம்மா, நான், அண்ணனின் மனைவியான மதினி, மூன்று பேரும் தொழிலாளர் வரிசை வீடுகளான எஸ்டேட் லயத்தில் ஒரே வீட்டில் இருந்தோம். அம்மா கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். மதினி தேயிலை ஃபாக்டரியில் பாக்கெட் போடும் பிரிவில் இருந்தாள்.

அன்று மத்தியானம் விடுதியில் கூட்டமில்லை. அண்ணனின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் அவன் குரல் இல்லை. அவனுடைய மேலதிகாரி, பிலிப்பைன்ஸ்காரர், பேசினார். முன்பு ஒருமுறை அண்ணன் வீடியோவில் அவரைக் காட்டியிருக்கிறான். மனிதர் மூச்சுவிடாமல் பேசினார். மழைக்காற்றில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. “யுவர் பிரதர்… ஸ்விம்மிங்… நியர்லி டிரவுண்ட்… ஹாஸ்பிட்டல்…” அவ்வளவுதான், இணைப்பு அறுந்தது.

டிரவுண்ட். அந்த வார்த்தையில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூழ்கிச் சாவது. அணைப்பக்கம் போகிற ஒவ்வொருவரிடமும் நானே சொல்லும் வார்த்தை. என் வாயிலிருந்தே வெளியே போய்க்கொண்டிருந்தது அன்று திரும்பி என் காதுக்குள் வந்தது. முன்னால் ஏதோ ஒரு சொல் ஒட்டிக்கொண்டு வந்தது என்பதுகூட மனதில் படவில்லை. யார்? அண்ணன். என்ன ஆனது? மூழ்கிவிட்டான்.

எனக்கு அழுகை வரவில்லை. கையிலிருந்த சாவியை எந்தக் கொக்கியில் மாட்டுவது என்று தெரியாமல் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். விடுதி முதலாளி மலையாளி, வயதானவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு “எந்து பற்றி மோளே?” என்று, என்ன ஆயிற்று மகளே என்று கேட்டபடி ஓடி வந்தார். சொன்னேன். தன் ஜீப்பை எடுத்து என்னை ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் அண்ணன் எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

முதலில் ஃபாக்டரிக்குப் போனோம். மதினி தலையில் வலைத்தொப்பியும் புருவத்தில் தேயிலைத் தூளுமாக வெளியே வந்தாள்.

“என்ன பிள்ள, இந்நேரத்துல வந்து நிக்க? அத்தைக்கு என்னமும் செய்யுதா?”

“அம்மா நல்லா இருக்கு மதினி. ஜீப்புல ஏறுங்க.”

“அப்ப யாருக்கு?”

நான் “கடல்ல…” என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. அவளும் கேட்கவில்லை. ஜீப்பில் ஏறி உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினாள். அதை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். வீடு வரும்வரை அதையே செய்துகொண்டிருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

லயத்தில் செய்தி பரவ நேரமாகாது. நாங்கள் போய்ச் சேர்ந்து ஜீப் திரும்புவதற்குள் வாசல் நிறைந்துவிட்டது. அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள், அரிவாள்மனையின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். “அவன் எதுக்குத் தண்ணிக்குள்ள போனான்?” என்று உள்ளே வந்த ஒவ்வொருவரிடமும் கேட்டாள். பதில் தெரிந்தவர் யாரோ இருக்கிறார் என்பதுபோல் கேட்டாள். பிறகு குரலெடுத்துப் பாடி அழத் தொடங்கினாள். பக்கத்து வீட்டு அத்தை மதினியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள். ஆறுதலுக்கென்று நினைத்தேன். அத்தையின் விரல்கள் வளையல்களை மெதுவாக மேலே தள்ளி, அவை கழலுமா என்று பார்த்தன. மதினி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

யூனியனில் இருக்கும் சித்தப்பா ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். “ஏத்தா, மனசைத் திடப்படுத்திக்க. பாடி எப்ப வரும்னு கேளு. கொச்சிக்கு வருமா, கோயம்புத்தூருக்கு வருமான்னு தெரிஞ்சாத்தான் வண்டி சொல்ல முடியும். இங்க இங்கிலீஷ் தெரிஞ்சவ நீதான்.”

முற்றத்தில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று அடித்தேன். இந்த முறை கிடைத்தது. எல்லாரும் கேட்கட்டும் என்று சித்தப்பா ஸ்பீக்கரைப் போடச் சொன்னார்.

“சார், வென் பாடி கம்?”

“பாடி? வாட் பாடி?”

“மை பிரதர். ஹி டிரவுண்ட். யூ டோல்ட்.”

அந்தப் பக்கம் மனிதர் அலறினார். “நோ! நோ! நியர்லி! ஐ செட் நியர்லி! மிஸ், ஹி இஸ் அலைவ்!”

அலைவ் என்ற சொல் எனக்குத் தெரியும். தெரிந்தும் அது உள்ளே இறங்க மறுத்தது. பிறகு “உயிரோட இருக்கான்” என்று கத்தினேன். அம்மாவின் ஒப்பாரி ஒரு சொல்லின் பாதியில் நின்றது. மீதிப் பாதி அவள் வாய்க்குள்ளேயே இருந்தது. யாரும் சிரிக்கவில்லை, மகிழவுமில்லை. எல்லாரும் அறை வாங்கியவர்கள்போல் என்னையே பார்த்தார்கள்.

மதினி எழுந்து வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “திரும்பக் கேளு. கேட்டுச் சொல்லு.”

கேட்டேன். “எஸ், அலைவ். ஹி கேன் ஹார்ட்லி டாக், பட் அலைவ்” என்றார்.

ஹார்ட் என்றால் பலமாக. வொர்க் ஹார்ட் என்றால் கடுமையாக உழைப்பது, வகுப்பில் படித்தது. “ஓங்கிப் பேசுதானாம் மதினி! நல்லாப் பேசுதானாம்!” என்றேன். அப்போதுதான் மதினிக்குக் கண்ணீர் வந்தது.

சில நிமிடங்களில் வீடியோ அழைப்பு வந்தது. மூக்கில் குழாய், சிவந்து வீங்கிய கண்கள். அது அண்ணனின் முகம்தான். அம்மா “ஐயா, ஐயா” என்று கூப்பிட்டாள். அவன் உதடுகள் அசைந்தன. காற்றுதான் வந்தது. சத்தம் வரவில்லை.

“ஏன் பேச மாட்டேங்கான்? எதையோ மறைக்காங்கட்டி!” என்று அம்மா மறுபடி நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

மதினி என்னைப் பார்த்தாள். “கொஞ்ச முன்னால செத்துட்டாருன்ன. அப்புறம் ஓங்கிப் பேசுதாருன்ன. நீ என்னதான் படிக்க பிள்ள?”

விழித்து நின்ற என் முகத்தைப் பிலிப்பைன்ஸ்காரர் திரையில் பார்த்திருக்க வேண்டும். போனைத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். “நியர்லி” என்று கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே சிறு இடைவெளி காட்டினார். அந்த இடைவெளியில்தான் அண்ணன் இருந்தான். “ஹார்ட்லி டாக்” என்று தொண்டையைத் தொட்டு, பேச்சே வரவில்லை என்று தலையாட்டினார். கடல்நீரும் தொண்டைக்குள் விட்ட குழாயும் குரலைப் புண்ணாக்கியிருந்தனவாம். “ஹி வில் ஸ்லோலி ரெகவர்” என்று கையைத் தாழ்விலிருந்து மெல்ல உயர்த்தினார். அதை அம்மாவே புரிந்துகொண்டாள்.

கூட்டம் கலைந்தது. வளையலைத் தொட்டுப் பார்த்த அத்தை எங்கள் எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். மதினி அதைக் குடிக்கவில்லை.

அந்த அதிர்ச்சி பல நாள் என்னை விட்டுப் போகவில்லை. விடுதியில் ஒரு வெளிநாட்டுக்காரப் பெண் “வி பேர்லி ஸ்லெப்ட்” என்று சொன்னதும் அந்தப் பேர்லியிலேயே நின்றுவிட்டேன். தூங்கினார்களா, தூங்கவில்லையா? வெட்கத்தை விட்டுக் கேட்டேன். பக்கத்து அறையின் சத்தத்தால் கண்ணை மூடவே முடியவில்லை என்றாள். வழக்கம்போல் வினையை மட்டும் பிடித்திருந்தால், நன்றாகத் தூங்கினீர்களா, மகிழ்ச்சி என்று சிரித்திருப்பேன்.

தமிழில் எனக்கு ஏன் இப்படி ஆவதில்லை என்று யோசித்தேன். விழப் பார்த்தேன் என்கிறோம். விழுவது முதலில் வந்துவிடுகிறது, தப்பியது கடைசியில் வருகிறது. கேட்கிறவர் அந்தக் கடைசிக்காகக் காத்திருக்கிறார். என் காது அப்படிப் பழகிய காது. ஆங்கிலத்திலோ தப்பியது முதலிலேயே வந்து, சத்தமில்லாமல் கடந்து போய்விடுகிறது. நான் கடைசிக்குக் காத்திருந்தேன். கடைசியில் டிரவுண்ட் நின்றது.

மாடி வகுப்புக்குப் போய் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“பூவும் பொட்டும்னு நான்தானே சொன்னேன்?”

“ஆமா சார்.”

சாக்பீஸை எடுத்தார். “எல்லாம் அப்படி இல்லம்மா. பியூட்டிஃபுலி, ஸ்லோலி, இதெல்லாம் காரியம் எப்படி நடந்ததுன்னு சொல்லும். நியர்லி, ஹார்ட்லி, பேர்லி, நெவர், இதுங்க காரியம் நடந்துச்சாங்கிறதையே மாத்திரும். நீங்க பயந்துருவீங்கன்னு விட்டுட்டேன்.” அன்று வகுப்பில் எங்களுக்கு ஹார்டும் ஹார்ட்லியும் ஒன்றல்ல, லேட்டும் லேட்லியும் ஒன்றல்ல என்று பலகை நிறைய எழுதிப் போட்டார்.

அண்ணன் விடுப்பில் வந்தான். குரல் இன்னும் கரகரப்பாக இருந்தது. ஓய்வுநாளில் இடுப்பளவு தண்ணீரில் நின்றவனை அலை இழுத்துப் போயிருக்கிறது. கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னான். “என்னைய நினைச்சு எப்படி அழுதிய? சொல்லுங்க பாப்போம்” என்றான். மதினி எழுந்து உள்ளே போய்விட்டாள். அவன் சிரிப்பு அடங்கியது. அதன் பிறகு அவன் அதைக் கேட்கவில்லை.

மீண்டும் அவன் தீவுக்குக் கிளம்பியபோது மதினி தடுக்கவில்லை. என்னிடம் வந்து, “இங்கிலீஷ் முழுசும் எனக்கு வேண்டாம். அந்தச் சின்ன வார்த்தைகளை மட்டும் சொல்லிக் குடு” என்றாள். ஃபாக்டரியில் பாக்கெட் ஒட்டும்போது அவற்றை முணுமுணுப்பாளாம். இப்போது அந்த மேலதிகாரியின் எண் அவள் போனிலும் இருக்கிறது. அண்ணன் எடுக்காத நாளில் அவருக்கே அடித்து, வணக்கமெல்லாம் இல்லாமல் ஒரே கேள்வி கேட்பாள். “அலைவ்?”

“வெரி அலைவ், மேடம்” என்றார் அவர் போன வாரம்.

போனைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் திரும்பினாள். “வெரின்னா?”

“ரொம்ப.”

“ரொம்ப உயிரோடவா?” என்று கேட்டாள். பிறகு போனை வைத்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.