கிரீஸில் ஒட்டாத செம்மண்

கிரீஸ் வாசனையும் உப்புக்காற்றின் பிசுபிசுப்பும் சேர்ந்து வந்தால், அப்பா தன் மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம். மரக்காணத்து உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்த அவருக்கு, பெயின்ட் இல்லாத அந்த அலுமினிய இன்ஜின் கவர்தான் பெரிய கவலை. கொஞ்சம் கவனிக்காமல் விட்டாலும் அதன்மேல் வெள்ளைப் பொடி கிளம்பிவிடும், அதை அவர் "பூத்துடுச்சு" என்பார். நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பழைய பனியன் துணியால் கிரீஸை மெல்லிசாகப் பூசுவார்.

"பூசலன்னா உப்பு தின்னுடும் பாப்பா," என்பார்.

நான் நாலாவது படித்த வருஷம், அம்மா அழுத அழுகை தாங்காமல், இனிக் குடிக்க மாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். சத்தியம் தவறினால் தலைக்குச் சொந்தக்காரர் செத்துப்போவார் என்பது எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எனக்கு உயிர்ப்பயம் பிடித்துக்கொண்டது. திண்டிவனம் போகிறேன் என்று அவர் கிளம்பினாலே சந்தேகம்தான். எங்கள் ஊரில் குடிக்கிறவர்கள் போவது புதுச்சேரிக்கு, திரும்பும்போது போலீஸ் கண்ணில் படாமலிருக்கக் குயிலாப்பாளையத்துச் செம்மண் பாதையில் புகுந்து வருவார்கள். அதனால் அவர் வந்து இறங்கியதும் கிரீஸில் என்ன நிறத் தூசி ஒட்டியிருக்கிறது என்று குனிந்து பார்ப்பேன். சிவப்பு இல்லையென்றால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

ஒரு சாயங்காலம் வண்டியில் தூசியே இல்லை. கவர் பளபளவென்று, புதுக் கிரீஸோடு இருந்தது.

"எங்கேப்பா பூசுன?" என்றேன்.

"திண்டிவனத்துல மெக்கானிக் கடையில பூசிட்டேன். உப்புக் காத்து இல்ல?"

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "திண்டிவனத்துல ஏதுய்யா உப்புக் காத்து?"

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய்ப் பாயில் சாய்ந்தார். அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டே படுத்தேன். விடிந்தபோது உயிரோடுதான் இருந்தேன்; ஆனால் சந்தோஷம் வரவில்லை, நான் செத்துவிடுவேனோ என்ற பயமே இல்லாமல் குறட்டை விட்டுக்கொண்டிருந்த அப்பாமேல் ஆத்திரம்தான் வந்தது.

இப்போதெல்லாம் இன்ஜினுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தே வண்டி வருகிறது. எங்கள் தெருவில் கிரீஸ் பூசுகிறவர் யாருமில்லை, தூசியும் ஒட்டுவதில்லை. யார் எங்கே போய் வந்தார் என்பதை வாய்விட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. போன வாரம் என் கணவர் நேரம் கழித்து வந்தார். கேட்டேன்.

"கிளியனூர்தான் போய்ட்டு வர்றேன். நம்ப மாட்டியா? புள்ள மேல சத்தியமா..." என்று மகளின் தலைப்பக்கம் கையை நீட்டினார்.

பாய்ந்துபோய் மகளை என்னோடு இழுத்துக்கொண்டேன்.

"அவ மேல கை வைக்காதீங்க. குடிச்சிருந்தா குடிச்சேன்னு சொல்லிட்டுப் போங்க."