கோட்டை வாசலில் என் சப்பாத்து

இங்கிலாந்துக் கோட்டை ஒன்றின் வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போன ஒரே முட்டாள் நான்தான். என்ன செய்வது? பிறந்தது யாழ்ப்பாணம், இருப்பது ஒஸ்லோ. இரண்டு ஊரிலும் சப்பாத்தோடு வீட்டுக்குள் போகிறவனை ஒருவரும் மதிக்கமாட்டார்கள். வெளியே மழை, காலெல்லாம் சேறு, உள்ளே சிவப்புக் கம்பளம். கை தன்பாட்டில் நாடாவை அவிழ்த்துவிட்டது.

இப்போது கோட்டையின் மறுபக்க வாசலில் ஈரக் காலுறையோடு நிற்கிறேன். வந்த வழியால் திரும்பிப் போக விடமாட்டார்களாம். மதிலைச் சுற்றி ஓடினால் சப்பாத்து கிடைக்கும், ஆனால் ஒக்ஸ்போர்ட் போகிற எங்கள் பஸ் போய்விடும். அந்தப் பல்கலைக்கழகத்தைப் பார்க்கவேண்டும் என்று மனைவி ஆசைப்பட்டுத்தான் இந்தப் பயணமே.

"சப்பாத்தை விட்டிட்டு ஏறுங்கோப்பா! இல்லாட்டி நான் தனியப் போறன்" என்று அவள் பஸ் படியில் நின்று கத்துகிறாள்.

குடையோடு நிற்கும் வழிகாட்டிப் பெண் என் கால்களைப் பார்க்கிறார். காலுறை ஓட்டைக்குள்ளால் பெருவிரலும் அவரைப் பார்க்கிறது.

"ஏன் கழட்டினீங்கள்?"

"எங்கடை நாட்டிலை அதுதான் மரியாதை."

"எந்த நாடு?"

"நோர்வே."

அவர் என் முகத்தை இன்னொருமுறை வடிவாகப் பார்க்கிறார். நான் குரலைத் தாழ்த்துகிறேன்.

"இந்தக் கோலத்திலை பல்கலைக்கழகத்துக்குள்ளை விடுவினமோ?"

"படிக்கிற பிள்ளையள் பைஜாமாவோடை திரியினம், ஏறுங்கோ."