அளவெடுத்துச் செய்த தாடை

வெள்ளை பிளாஸ்டிக்கில் செய்த ஒரு மண்டையோடும் தாடையும் எங்கள் மருத்துவமனை மேசையில் இருந்தன. ஸ்கேன் எடுத்து, கணினியில் கணக்கிட்டு, ஒரு பெண்ணின் எலும்பை அப்படியே பிரதி செய்திருந்தார்கள். தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள் அவள். அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, பல்லிடுக்கால், "இதுவா ஐயா என் மூஞ்சி? நல்லாத்தான் இருக்கு" என்றாள். நான் சிரித்தேன். அவளுக்குச் சிரிக்க வாய் திறக்காது.

நான் அங்கே பதிவேடு எழுதும் எழுதுவினைஞன், யாழ்ப்பாணத்தான். சிங்களம் பேசும் டொக்டருக்கும் தோட்டத்து நோயாளிகளுக்கும் நடுவில் மொழிபெயர்க்கும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. இரண்டு பக்கமும் என்னையே நம்பியிருந்ததில் எனக்குக் கொஞ்சம் மிடுக்கும் இருந்தது.

சில வருடங்களுக்கு முன் உடைந்த தாடைமூட்டு, வைத்தியமில்லாமல் எலும்போடு எலும்பாக ஒட்டிப்போயிருந்தது. யார் உடைத்தது என்று நாங்கள் கேட்கவில்லை. தேத்தண்ணியில் ஊறிய ரொட்டியை உறிஞ்சியே அவள் காலம் தள்ளினாள். டொக்டர் திரையில் அவள் மண்டையைச் சுழற்றி, எங்கே வெட்டுவது, எங்கே திருகாணி போடுவது என்று காட்டினார். அவளுடைய எலும்புக்கென்றே அளவெடுத்த உலோக மூட்டு வெளிநாட்டிலிருந்து வர நாலு மாதமாகும். அதுவரை எலும்பு துளியும் மாறக்கூடாது. பல் பிடுங்கக்கூடாது, முகத்தில் அடிபடக்கூடாது. எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன்.

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்த கைகளைக் கட்டியபடி நின்ற கணவன் பணிவாகத் தலையாட்டினான். "சரிங்க ஐயா. நாலு மாசத்துக்கு மூஞ்சில கை வைக்க மாட்டேங்க." மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்கிறேன் என்பதுபோலச் சொன்னான். என்ன சொல்கிறார் என்று டொக்டர் கேட்டார். "சரியாம்" என்றேன். மீதி அவருக்குத் தேவையில்லாத வீட்டுக் கதை என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

அவன் வாக்குத் தவறவில்லை. அறுவைக்கு வந்த அன்று அவள் சட்டைக் கையை ஏற்றி எனக்கு மட்டும் காட்டினாள். முழங்கைக்கு மேலே கன்றிப்போயிருந்தது. "மூஞ்சிக்கு மட்டுந்தான் லீவுங்க" என்றாள். மூட்டு இம்மியும் பிசகாமல் பொருந்தியது. சில நாளில் வாழைப்பழத்தைக் கடித்துத் தின்றாள், தின்றுகொண்டே அழுதாள்.

வீட்டுக்குப் போகும் நாளில், கணவன் பஸ் பார்க்கப் போயிருந்த நேரம் என் மேசைக்கு வந்தாள். "ஐயா, அவருகிட்ட ஒண்ணு சொல்லிருங்க. உசுரு இருக்கிற வரைக்கும் மூஞ்சில அடி படக்கூடாதுன்னு டாக்டரய்யா சொன்னாருன்னு சொல்லுங்க. டாக்டரய்யா சொன்னா இவரு கேப்பாருங்க."

டொக்டர் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. "டொக்டர் சொல்லாததை நான் எப்பிடிப் பிள்ளை சொல்லுறது? என்னால ஏலாது" என்றேன். டொக்டரின் அறை பத்தடி தூரத்தில் இருந்தது. போய்க் கேட்டிருந்தால் அவரே கூப்பிட்டுச் சொல்லியிருப்பார். நான் எழும்பவில்லை. என்னை நேர்மையான மனிதன் என்று அப்போது நினைத்திருந்தேன். இப்போது ஓய்வூதியத்தோடு வீட்டில் இருக்கிறேன், நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாறு மாதத்தில் திரும்பி வந்தாள். முகம் ஒரு பக்கம் கோணியிருந்தது, வாய் மறுபடி திறக்கவில்லை. புதிய ஸ்கேனில் திருகாணிகள் கழன்று, சுற்றியிருந்த எலும்பு நொறுங்கிக் கிடந்தது. இன்னொரு மூட்டைத் தாங்க இனி எலும்பு போதாது என்றார் டொக்டர். எப்படி நடந்தது என்று கேட்டார். கணவன் கதவருகே கைகட்டி நின்றான். இந்த முறை நானே உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன்.

அவள் முந்திக்கொண்டாள். "தண்ணி எடுக்கப் போன எடத்துல வழுக்கி விழுந்துட்டேன்." பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "நான் சொன்னத மட்டும் சொல்லுங்க ஐயா."

சொன்னேன். டொக்டர் எழுதிக்கொண்டார்.