ஆர்லன் கோஸ்கியும் நீலக் கெட்டிலும்

"இனிமே அந்தக் கெட்டில் கம்பெனியோட நூல் ஒண்ணு என் உடம்புல படாது. படணும்னா நான் பொணமாக் கிடக்கணும். அப்பவும் எழுந்து உட்காந்து கழட்டி எறிஞ்சிட்டுத்தான் மறுபடி படுப்பேன்."

ஆர்லன் கோஸ்கி இதைச் சொன்னபோது அவர் கையில் நீளமான இடுக்கி ஒன்று இருந்தது. இடுக்கியின் நுனியில் ஓர் ஆரஞ்சுத் தொப்பி எரிந்துகொண்டிருந்தது. எரிந்தது என்று சொல்வது ஒரு மரியாதைக்காக. அது பாலியஸ்டர்; உருகிச் சொட்டியது. ஒரு சொட்டு அவருடைய பூட்ஸின் மேல் விழுந்து அங்கேயே குடியேறிவிட்டது. பூட்ஸ் உடம்பில் சேராது என்று, சுற்றி நின்ற கரடி வேட்டை நாய்ச் சங்கத்தின் அவசரக் கூட்டம் அங்கேயே தீர்மானித்தது.

எங்கள் ஊரான பைன்ஹோல்டில் நீலக் கெட்டில் என்றால் பெட்ரோல் பங்க், காபிக் கடை, துப்பாக்கி ரவை, தூண்டில் புழு, பிறந்தநாள் கேக் எல்லாம் ஒரே கூரையின் கீழ். வேட்டைக் காலம் தொடங்கும்போது எங்கள் ஆட்களுக்கு இலவசமாக அந்த ஆரஞ்சுத் தொப்பியைக் கொடுத்துவந்ததும் அதே கம்பெனிதான். பனி உருகிய மாதத்தில் அது 'நாலுகால் நண்பர்கள்' என்ற விலங்கு நலச் சங்கத்துக்குப் பெரிய நன்கொடை ஒன்றை அறிவித்தது. நண்பர்கள் அடிபட்ட நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்ப்பவர்கள். மிச்சமிருக்கும் நேரத்தில், நாய்களை விட்டுக் கரடி வேட்டையாடுவதைத் தடைசெய்யச் சொல்லித் தலைநகரில் மனுக் கொடுப்பவர்கள். ஆர்லனோ மேற்படி வேட்டை நாய்ச் சங்கத்தின் தலைவர். போட்டியின்றித் தேர்வானவர், போட்டியிட்டால் கத்துவார் என்று எல்லோருக்கும் தெரியும்.

தங்கள் பணம் வைத்தியசாலைக்கு மட்டுமே போகிறது, தடைக்கு ஒரு காசும் போகவில்லை என்று கம்பெனி விளக்கம் சொன்னது. வெள்ளிக்கிழமை மீன் பொரியலுக்கு ஸ்டிக்னியின் பாரில் கூடிய சபை அந்த விளக்கத்தைப் பரிசீலித்தது.

"ஒரே கால்சட்டைக்கு ரெண்டு பை," என்றார் ஆர்லன். "இடது பையில நீ போட்டா, வலது பை நிம்மதியாச் செலவு பண்ணும். இது புரியறதுக்கு காலேஜ் போகணுமா? இந்தக் காட்டுக்குப் படியளக்கறது யாரு? லைசென்ஸ் எடுக்கறவன். ரவை வாங்கறப்போ வரி கட்டறவன். கரடி எத்தனை இருக்குன்னு எண்ணற ஆபீசருக்கு என் பாக்கெட்லேர்ந்துதான் சம்பளம் போகுது. அவங்க கரடிக்கு என்ன பண்ணாங்க? காலண்டர் அடிச்சாங்க."

"காலண்டர் நல்லாத்தான் இருக்குய்யா," என்றார் கஸ் ராட்கே. கஸ் சங்கத்தின் பொருளாளர். உண்மையைத் தப்பான நேரத்தில் சொல்வதில் தேர்ந்தவர். "என் பொண்டாட்டி சமையல்கட்டுல மாட்டியிருக்கா. அக்டோபர் மாசத்துக் கரடி அப்படியே உன்னை மாதிரியே இருக்கு."

"நீ மீனைத் தின்னு."

அன்றிலிருந்து பகிஷ்காரம் முழுமூச்சாக நடந்தது. ஆர்லன் பெட்ரோல் போடப் பக்கத்து மாவட்டத்துக்குப் போகிறார். அங்கே போய்வர எரிகிற பெட்ரோலுக்காக நடுவில் ஒருமுறை கூடுதலாகப் போகவேண்டியிருக்கிறது. அதை அவர் 'போராட்டச் செலவு' என்கிறார். காபிக்கு வீட்டிலிருந்து ஃபிளாஸ்க். அவர் மனைவி லவோன் போடும் காபியைப் பற்றி இந்த ஊரில் யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. லவோனோ பகிஷ்காரத்தில் சேரவில்லை. "சபதம் நீ போட்ட. நான் ஒண்ணும் போடலை," என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மேசையில் சூடாக டோனட் இருக்கும்.

"எங்க வாங்குன?"

"பேக்கரியில."

பைன்ஹோல்டில் பேக்கரி கிடையாது. ஆர்லன் சாப்பிடுவார். சபதம் நூலைப் பற்றியது. மாவைப் பற்றி அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

ஆனால் அவருடைய தொழில் சாதாரண ஆளுக்கு வாய்க்காத ஆயுதம். ஏரிக்கரை வீடுகளின் கழிவுத் தொட்டிகளை உறிஞ்சி எடுக்கும் லாரி இந்தப் பக்கத்தில் அவரிடம் ஒன்றுதான் இருக்கிறது. ஜூலை மாதம், ஊரே சுற்றுலாக்காரர்களால் பிதுங்கும் வாரத்தில், நீலக் கெட்டில் மேலாளர் போன் செய்தார். தொட்டி விளிம்புவரை வந்துவிட்டது என்றார். "நண்பர்களைக் கூப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு ஆர்லன் போனை வைத்தார். கடைசியில் தொலைவிலிருந்து வேறொரு லாரி வந்தது. ஆர்லன் சாலைக்கு இந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்று முழுவதையும் பார்த்தார். வெற்றியை ரசிக்கிறார் என்றுதான் நினைத்தேன். "குழாயை இவ்ளோ வேகமா எறக்கறானே பாவி, அடியில கலங்கிடுமே," என்று அவர் வாய்க்குள் முணுமுணுப்பது அருகில் போனபிறகுதான் கேட்டது.

இந்தத் தொழிலுக்கென்று அவரிடம் ஒரு பழுப்பு நிற கான்வாஸ் ஜாக்கெட் உண்டு. அதை லவோன் வீட்டுக்குள் விடுவதில்லை. அது நாய்க்கொட்டகையில் ஓர் ஆணியில் தொங்கும். ஊரில் அதை விரும்புகிற ஒரே ஜீவன் டோரிஸ். டோரிஸ் அவருடைய வேட்டை நாய். பழைய மோப்பத்திலிருந்துகூடக் கரடியைக் கிளப்பிவிடும் மூக்கு அவளுக்கு. அந்த மூக்கு ஜாக்கெட்டின் கீழேதான் தூங்கும். ஆர்லன் தன் சங்கத் தோழர்களைப் பெயர் சொல்லியோ திட்டியோதான் கூப்பிடுவார். "கண்ணு" என்று அவர் கூப்பிட்டு நான் கேட்டது டோரிஸை மட்டும்தான்.

செப்டம்பரில் வேட்டை தொடங்கியது. ஒரு சனிக்கிழமை டோரிஸ் பெரிய ஆண் கரடி ஒன்றைக் கிளப்பிக்கொண்டு வடக்கே ஓடினாள். மற்ற நாய்கள் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டன. அவள் வரவில்லை. இடம் காட்ட அவள் கழுத்துப்பட்டையில் பொருத்தியிருந்த கருவியின் சமிக்ஞை மட்டும் ஒரு சதுப்பில் அசையாமல் நின்றது. முழங்கால் நீரில் இறங்கிப் போய்ப் பார்த்தால் பட்டை கிடக்கிறது, கிழிந்து, நாய் இல்லை.

அப்போது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதைத்தான் ஆர்லனும் செய்தார். காலையில் அவளை அவிழ்த்துவிட்ட இடத்துக்குத் திரும்பிவந்து, மண் சாலையோரத்தில் தன் ஜாக்கெட்டைக் கழற்றி விரித்தார். தொலைந்த நாய் புறப்பட்ட இடத்துக்குத்தான் திரும்பும். அங்கே எஜமானின் வாசனை இருந்தால் அதன்மேல் படுத்துக்கொண்டு, அவன் வரும்வரை நகராது. விடிந்ததும் போய் ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான். டோரிஸின் தாயையும் அவர் ஒருமுறை அப்படித்தான் மீட்டார்.

விடிந்ததும் போனார். நாயும் இல்லை, ஜாக்கெட்டும் இல்லை.

"அந்த ஜாக்கெட்டைத் திருடற அளவுக்கு மூக்கு செத்தவன் எவன்டா இந்த ஜில்லாவுல?" என்று ஆர்லன் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த நாளும் காடு முழுக்க அவள் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் போய்விட்டது. சங்கத் தலைவர் சைகையில் திட்டுவதை நாங்கள் முதன்முதலாகப் பார்த்தோம்.

செவ்வாய்க்கிழமை லவோன் போனை நீட்டினாள். நாலுகால் நண்பர்களின் இணையப் பக்கத்தில் டோரிஸின் படம். தொடையில் கட்டு. கீழே: 'இவள் பெயர் க்ளோவர். அழுக்கு ஜாக்கெட் ஒன்றின்மேல் காட்டோரத்தில் கைவிடப்பட்டவள். சாந்தமானவள். அன்பான வீடு தேவை.'

ஆர்லன் அதை மூன்று தரம் படித்தார். தொண்டைக்குள்ளிருந்து அவர் எடுத்த முதல் வார்த்தை, "க்ளோவரா?"

என் காரில் போனோம். அவருடைய வண்டியின் பின்கண்ணாடி முழுக்க 'கெட்டிலைக் கவிழ்' என்று ஒட்டியிருந்தது. "அதை அவங்க வாசல்ல நிறுத்தி எவனாவது போட்டோ எடுத்தான்னா?" என்றார். ஆனால் அதே வாசகம் போட்ட சங்கத்துச் சட்டையைத்தான் உடுத்தியிருந்தார். உள்ளே இருப்பவர்கள் படிக்கட்டும் என்றார். போகிற வழியெல்லாம், எதிரியின் மண்ணில் கால் வைப்பதற்கும் எதிரியிடமிருந்து நம் ஆளை மீட்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கம்மிய குரலில் எனக்கு விளக்கிக்கொண்டு வந்தார். நான் வேகத்தைக் கூட்டினேன்.

வைத்தியசாலையின் புதுக் கட்டடத்தில், கதவுக்கு மேலே கம்பெனியின் சின்னமான நீலக் கெட்டில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஆர்லன் தலையைக் குனிந்துகொண்டு அதற்கடியில் நுழைந்தார்.

டெஸ்ஸா என்ற இளம்பெண் வந்தாள். டோரிஸைத் தூக்கிவந்த தன்னார்வத் தொண்டர் அவள்தான். சட்டையில் இருந்ததைப் படித்தாள், படித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"ஏம்மா, நான் விட்டுட்டுப் போனேன்னு யாரு சொன்னா?"

"ரோட்டோரத்துல தனியாக் கிடந்தா, சார். ரத்தம் ஓடுது. கீழ ஒரு அழுக்குத் துணி. பாக்கறவங்க வேற என்ன நினைப்பாங்க?"

"அது அழுக்குத் துணி இல்ல. அதுதான் அவளுக்கு வீட்டு விலாசம். அதுமேல படுத்துட்டான்னா 'என் ஆள் வருவான்'னு அர்த்தம். இந்த ஊர்ல சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும்."

"நான் இந்த ஊர் இல்ல, சார். மேடிசன்லேர்ந்து வந்தவ," என்றாள் அவள். பிறகு, குரலை உயர்த்தாமலே, "ராத்திரி வந்து படுத்திருப்பா. நான் பாத்தப்ப உடம்பு சில்லுனு இருந்துச்சு. நீங்க வர்ற வரைக்கும் அங்கயே விட்டிருந்தா விலாசம் இருந்திருக்கும். அவ இருந்திருக்க மாட்டா," என்றாள்.

"அவளைக் காட்டும்மா," என்றார் ஆர்லன்.

டாக்டரம்மா எங்களை உள்ளே அழைத்துப்போனார். கரடியின் நகம் தொடையில் ஆழமாக இறங்கியிருந்தது. தையல் போட்டாயிற்று; ஆனால் டோரிஸ் படுக்க மறுக்கிறாள். கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறாள், முனகுகிறாள், ஒரு தையலை ஏற்கெனவே பிரித்துவிட்டாள். "இன்னிக்கு ராத்திரியும் இப்படியே நின்னான்னா காயம் முழுசாப் பிரிஞ்சுடும். சீழ் பிடிச்சா காலை எடுக்கவேண்டி வரும். அதுக்குமேல இந்த வயசுல நான் எதுவும் சொல்ல முடியாது," என்றார். வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று ஆர்லன் கேட்டார். வண்டிக் குலுக்கலில் மிச்சத் தையலும் போகும், நரம்பில் மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது, கூடாது என்றார்.

டோரிஸ் அவரைப் பார்த்ததும் கம்பியில் மூக்கை வைத்து ஒரு சத்தம் போட்டாள். க்ளோவர்கள் போடும் சத்தம் அல்ல அது. பிறகு மறுபடியும் சுற்றத் தொடங்கினாள். கூண்டின் தரையில் அந்தப் பழுப்பு ஜாக்கெட் அழகாக மடித்து விரிக்கப்பட்டிருந்தது. அவள் அதை மோந்து பார்ப்பதும் விலகுவதுமாக இருந்தாள்.

ஆர்லன் குனிந்து ஜாக்கெட்டை எடுத்தார். முகத்தருகே கொண்டுபோனார். இவ்வளவு நேரம் இல்லாத பயம் ஒன்று அவர் கண்ணில் வந்தது.

"இதை என்னம்மா பண்ணீங்க?"

"துவைச்சோம்," என்றாள் டெஸ்ஸா. "மூணு தடவை. லாவெண்டர் போட்டு. அவளுக்கு இதமா இருக்கட்டுமேன்னு…"

இருபது வருடத் தொழில் லாவெண்டராகிவிட்டிருந்தது. ஆர்லன் அதை யாரையும் திட்டாமல் பக்கத்திலிருந்த நாற்காலியில் வைத்தார். பிறகு சட்டைப் பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார். அன்று காலைகூடத் தொட்டி ஒன்றைச் சுத்தம் செய்துவிட்டு வந்திருந்த சட்டை அது. காரில் வரும் வழியெல்லாம் நான் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். கழற்றிய சட்டையை விரித்துவிட்டுக் கூண்டுக்குள் நுழைந்து தரையில் உட்கார்ந்துகொண்டார்.

'கெட்டிலைக் கவிழ்' மேலே தெரிந்தது. டோரிஸ் வந்து 'கெ'யை மோந்தாள். இரண்டு சுற்று சுற்றினாள். பிறகு, எலும்புகள் ஒவ்வொன்றாகத் தளர்வதுபோல, வாசகம் முழுவதன்மேலும் படுத்துத் தலையை அவர் மடியில் போட்டாள். மூச்சு நீளமாயிற்று. டாக்டரம்மா மருந்துக் குழாயைச் சரிசெய்துவிட்டு, "அசையாதீங்க, தூங்கட்டும்," என்றார்.

அந்த அறையில் வெப்பத்தைக் குறைத்துத்தான் வைப்பார்களாம். சிமென்ட் தரை. ஆர்லன் பனியன்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தார். தோளில் மயிர் குத்திட்டு நின்றது. பற்கள் தட்டும் சத்தம் கேட்காமலிருக்கத் தாடையை இறுக்கிக்கொண்டார்.

டெஸ்ஸா வெளியே போய்த் திரும்பினாள். கையில் தடித்த பருத்தியில் ஒரு மேலங்கி. கடல்நீலம். நெஞ்சில் பெரிதாகக் கெட்டில், அதன் மூக்கிலிருந்து ஆவி. கீழே 'நாலுகால்களுக்கு நண்பன்'.

"தொண்டர்களுக்குக் கம்பெனி கொடுத்தது, சார். இங்க வேற எதுவும் இல்ல."

"வேணாம்," என்றார் ஆர்லன்.

அவர் உடம்பு ஒருமுறை பலமாக நடுங்கியது. மடியில் டோரிஸ் கண்ணைத் திறந்து தலையைத் தூக்கப் பார்த்தாள்.

"படு, கண்ணு," என்றார். கையை நீட்டி அங்கியை வாங்கினார். மடி அசையாமல், ஒரு தோளை நுழைத்து, பிறகு தலையை, பிறகு மறுதோளை. நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் கவனமாக இருந்தேன்.

"அளவு சரியா இருக்கா?" என்று டெஸ்ஸா கேட்டாள்.

"கை கொஞ்சம் நீளம்," என்றார் ஆர்லன் தணிந்த குரலில். டோரிஸின் காதில் உரசாதபடி, நீலக் கையை ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு என்று மேலே மடித்துவிட்டுக்கொண்டார்.