மெர்சியின் கையெழுத்து எங்கே?

நியூ ஜெர்சியில் டைட்டில் சர்ச், அதாவது நில உரிமையைத் தேடிப் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஊரில் என்ன வேலை பார்த்தாய் என்று முதலாளி ரான் கேட்டார். கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் நான்கு வருடம் வில்லங்கம் பார்த்தவள் நான். ‘என்கம்ப்ரன்ஸ்’ என்ற சொல் அவசரத்துக்கு வாயில் வரவில்லை. நான்கு வருடம் ட்ரபிள் தேடினேன் என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப நீதான் சரியான ஆளு. இங்கயும் அதேதான், ஏசி மட்டும் எக்ஸ்ட்ரா" என்றார் ரான். அவர் பேசியது ஆங்கிலத்தில். நான் எங்கள் ஊர்த் தமிழில் எழுதுகிறேன், அவருக்கு இதுதான் பொருத்தமாக இருக்கிறது.

வேலை எனக்குப் புதிதல்ல. ஒருவர் வீட்டை விற்கிறார் என்றால், அது அவருடையதுதானா, அவருக்கு விற்றவருக்கு எப்படி வந்தது என்று பின்னால் பின்னால் போய்ப் பத்திரம் பார்க்க வேண்டும். விற்றவர் பேருக்கு ஒரு இண்டெக்ஸ், வாங்கியவர் பேருக்கு ஒரு இண்டெக்ஸ். தொண்ணூறுகளில் பட்டனைத் தட்டினால் எதுவும் வராது. கோர்ட் பேஸ்மென்டில் அம்மிக்கல் கனத்தில் இருக்கும் புத்தகங்களை இறக்கி ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் மைக்ரோபிலிமைச் சுற்ற வேண்டும்.

பின்னால் போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் இங்கிலாந்து ராஜா வந்து நிற்பார். ராஜாவுக்கு யார் கிரயம் செய்து கொடுத்தார்கள், தாய்ப் பத்திரம் எங்கே என்று ரானிடம் கேட்டேன். சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்றார்.

டெக்சஸ் அம்மாள்

டெக்சஸில் ரவுண்ட் ராக்கிலிருந்து லோரெய்ன் என்ற அம்மாள் போன் செய்தார். அவருடைய குடும்பம் வெள்ளைக்கார ராஜா காலத்திலேயே நியூ ஜெர்சியில் நிலம் வைத்திருந்ததாம். முன்னோர் பெயர் ஜோனஸ் பென்வெல், மனைவி மெர்சி. இருவரும் கைகோத்துக்கொண்டு மேற்கே போய், காடு திருத்தி, டெக்சஸ் வரை வம்சத்தைக் கொண்டு வந்து சேர்த்தார்களாம். கோடையில் குடும்பக் கூட்டம். அதற்குள் ஆதாரத்தோடு கதை வேண்டும், புத்தகம் போடப் போகிறார்கள்.

ரான் அதற்கான கோப்பு ஒன்றை என் மேஜையில் போட்டார். அதே வாரம் என் வீட்டிலும் ஒரு கோப்பு வந்து சேர்ந்தது.

எங்கள் அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார். அம்மா தன் பங்கை எங்களுக்கே விட்டுவிட, தோட்டத்தில் அண்ணனுக்கும் எனக்கும் சரிபாதி. என் பாதியை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை ஊரில் என் சார்பில் கையெழுத்திட, அண்ணியின் தம்பிக்கு நான் பவர் கொடுக்க வேண்டும். பேப்பரைத் தயாராக அடித்தே அனுப்பியிருந்தார் அண்ணன். போனில் குழைந்தார்.

"ஒரு கையெழுத்துத்தான் கண்ணு. நம்மூர்ல பொண்ணுக எல்லாரும் போட்டுக் குடுக்கறதுதானே?"

அது எனக்குத் தெரியாதா? சார்பதிவாளர் அலுவலகத்தில் அப்படி நூற்றுக்கணக்கான பத்திரங்களை நானே நகல் எடுத்திருக்கிறேன். போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்பதும் தெரியும். எனக்கிருப்பது ஒரே அண்ணன். அவரை இழக்கப் பயமாக இருந்தது. பேப்பரைப் பிரிட்ஜ் மேல் காந்தத்தில் மாட்டி வைத்தேன்.

அக்கம்பக்கம்

ஜோனஸ் லேசில் அகப்படவில்லை. ஒரு குமாஸ்தா பென்வெல் என்று எழுதினால் அடுத்தவன் பின்வில் என்கிறான், மூன்றாமவன் பன்னல் என்கிறான். எங்கள் பெயர்களை லைசென்ஸ் கொடுக்கிற டிஎம்வி ஆபீசில் படுத்துகிற பாட்டை இவர்கள் தங்களுக்குள்ளேயே பட்டிருக்கிறார்கள். எனக்குக் கை கொடுத்தது நான்கெல்லைதான். வடக்கே இன்னார் நிலம், கிழக்கே இன்னார் நிலம் என்று அவர்கள் பத்திரத்திலும் உண்டு. ஜோனஸை விட்டுவிட்டு அவனுடைய பக்கத்து நிலத்துக்காரர்களைத் தேடினேன். நியூ ஜெர்சியில் அக்கம்பக்கத்தில் இருந்த மூன்று குடும்பமும் மேற்குப் பென்சில்வேனியாவிலும் அக்கம்பக்கத்தில் இருந்தார்கள், நடுவில் நம் ஆள். ஓஹாயோவிலும் அப்படியே.

ரான் இதைப் பெரிய கண்டுபிடிப்பாகப் பேசினார். எனக்கு ஆச்சரியமே இல்லை. நாங்கள் குடியிருந்த எடிசனில் எங்கள் எதிர் அபார்ட்மென்ட் குடும்பம் கலிபோர்னியாவில் சான்டா கிளாராவுக்குப் போனது. ஆறு மாதத்தில் பக்கத்து அபார்ட்மென்டும் பின்னாலேயே போனது. பிறகு இரண்டு பேரும் சொல்லிவைத்த மாதிரி டெக்சஸில் இர்விங்குக்குப் போய், அங்கேயும் ஒரே மாடியில் எதிரும் புதிருமாக இருந்தார்கள். மாவு கிரைண்டர் ஒன்றுதான், இரண்டு வீட்டுக்கும்.

தனியாக விசாரித்ததில்

காடு திருத்தியதற்கு ஆதாரம் எதுவும் அகப்படவில்லை. ஜோனஸ் வாங்கினான், விற்றான், வண்டி கட்டினான். இன்றைக்கு இருந்திருந்தால் ரியல் எஸ்டேட் ஏஜென்டாகி, பேருந்து நிறுத்தத்தில் தன் படத்தைப் போட்டுக்கொண்டிருப்பான்.

ஒவ்வொரு விற்பனையிலும் மெர்சியும் கையெழுத்திட்டாக வேண்டும். கணவன் செத்தால் அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள் முழுக்க அனுபவிக்க அவளுக்கு உரிமை உண்டு. நிலத்தை விற்கும்போது அதை அவள் விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு சடங்கு வைத்திருந்தார்கள். நீதிபதி கணவனை அனுப்பிவிட்டு அவளைத் தனியாக விசாரிப்பார். ‘கணவரை விட்டுத் தனியே விசாரித்ததில், எந்தப் பயமும் மிரட்டலும் கட்டாயமும் இன்றிச் சம்மதித்ததாகச் சொன்னாள்’ என்று அடியில் எழுதுவார். நியூ ஜெர்சிப் பத்திரத்தில் அப்படி எழுதி, பக்கத்தில் எழுதத் தெரியாத மெர்சி போட்ட பெருக்கல் குறி. பென்சில்வேனியாவிலும் அதே வாசகம், அதே குறி.

முதலில் சிரித்தேன். தனியாம், விசாரணையாம். ஜோனஸ் கதவுக்கு வெளியே நின்று இருமிக்கொண்டிருந்திருப்பான். ஆனால் எங்கள் அலுவலகத்தில் அதுகூடக் கிடையாது என்பது பிறகுதான் உறைத்தது. அண்ணன், தம்பி, மாமன் எல்லாரும் சுற்றி நிற்க, "சம்மதந்தானேம்மா?" என்று கேட்போம். அந்தப் பெண் தலையாட்டும். நான் அடுத்த டோக்கனைக் கூப்பிடுவேன். நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

ஓஹாயோப் பத்திரத்தின் தொடக்கத்தில் ‘ஜோனஸும் அவன் மனைவி மெர்சியும்’ என்று இருந்தது. அடியில் ஜோனஸ் கையெழுத்து மட்டும்தான். குறி இல்லை, விசாரித்த வாசகமும் இல்லை.

"செத்துப் போயிருப்பா. அப்படியே எழுதிடு" என்றார் ரான்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த ஓஹாயோ கவுண்டிக்கு எழுதிப் போட்டு, கோர்ட் பதிவுகளின் பிலிமை வரவழைத்தேன். பல வருடம் தள்ளி, ஜோனஸ் செத்த பிறகு, மெர்சி போட்ட வழக்கு இருந்தது. அந்த விற்பனைக்கு என்னைக் கேட்டார்கள், நான் மாட்டேன் என்று சொன்னேன், ஆகவே என் பங்கு என்னுடையதே என்கிறாள். கோர்ட் ஒத்துக்கொண்டு, வீட்டோடு சேர்த்து மூன்றில் ஒரு பங்கை அளந்து கொடுத்திருக்கிறது. மகன்கள் மேற்கே போய்விட்டார்கள். அவள் போகவில்லை. மனுவின் அடியில் அதே பெருக்கல் குறி. பிலிம் ரீடர் முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ரிப்போர்ட்டில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். லோரெய்ன் போனில் கொதித்தார். "எங்க குடும்பத்துல அப்படி யாரும் முரண்டு பண்ண மாட்டாங்க" என்றார். பிறகு அவர் அனுப்பிய புத்தகத்தில், மெர்சி ஓஹாயோவில் கணவர் மடியில் காய்ச்சலில் உயிர்விட்டதாக இருந்தது. படம்கூடப் போட்டிருந்தார்கள்.

பேங்கில்

அந்தப் புத்தகம் வருவதற்கு முன்பே என் பேப்பருக்கு நாள் வந்துவிட்டது. அண்ணன் வாரம் இரண்டு முறை கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் அரை நாள் லீவ் போட்டு, நோட்டரி கையெழுத்துக்காக என்னைப் பேங்குக்குக் கூட்டிப் போனார். நோட்டரி ஒரு சின்னப் பெண், சூயிங்கம் மென்றுகொண்டிருந்தாள். லைசென்ஸைப் பார்த்தாள், முத்திரையை எடுத்தாள், பேப்பரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"உங்க சொந்த விருப்பத்துலதானே கையெழுத்துப் போடறீங்க?"

எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். என் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் யெஸ், யெஸ் என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இல்லை" என்றேன்.

அவள் அதிரவே இல்லை. முத்திரையைத் திரும்ப டிராயரில் வைத்தாள். என் வீட்டுக்காரர்தான் பேப்பரை நாலாக மடித்துக்கொண்டு காரைப் பார்க்க நடந்தார்.

அன்று அண்ணனை நானே கூப்பிட்டேன்.

"அங்க உனக்கு என்ன கண்ணு குறை?" என்றார்.

"குறை ஒண்ணும் இல்லைண்ணா. என்னையக் கேட்டாங்க. மாட்டேன்னு சொல்லிட்டேன்."

நாலரை வருடம் அவர் பேசவில்லை. அம்மா காரியத்துக்குப் போனபோதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது இன்னும் வலிக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பிறகு பேசினார். தோட்டம் இன்றும் இரண்டு பேர் பெயரிலும்தான் இருக்கிறது.

பத்திரம் தேடப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் டிரெயினிங்குக்கு உட்காருவார்கள். பத்திரத்தில் மனைவி கையெழுத்து இல்லையென்றால் செத்துவிட்டாள் என்று குறிப்பு எழுதிக்கொண்டு வருவார்கள். நான் திருப்பி அனுப்பிவிடுவேன். முதலில் அவள் மாட்டேன் என்று சொல்லியிருப்பாள் என்று வைத்துக்கொண்டு தேடுங்கள், செத்தாளா என்று அப்புறம் பார்க்கலாம் என்பேன்.