கட்டிங் ஹாலை நிறுத்திய பென் டிரைவ்

1. திங்கட்கிழமை காலை

"லதாம்மா, துணி விரிச்சு வெச்சிட்டேன், மார்க்கர் வரல. ஜல்தி வாங்க!"

கட்டிங் மாஸ்டர் பாபு பாய் இரண்டு மாடி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றார். அவர் ஃபோன் பண்ணாமல் நேரில் வந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஓர் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை அது. பென் டிரைவ் புதிதாக வந்து எல்லார் கழுத்திலும் தொங்கிக்கொண்டிருந்த காலம். முப்பத்திரண்டு கம்ப்யூட்டருக்கும் ஒரு பிளாட்டருக்கும் சேர்த்து சிஸ்டம் ஆள் நான் ஒருத்திதான்.

மார்க்கர் என்பது மேசை நீளத்துக்கு வரும் காகிதம். சட்டையின் கை, காலர், முதுகு எல்லாம் அதில் வரைந்திருக்கும். அடுக்கிய துணியின் மேல் அதை விரித்து, கோட்டின் மேலேயே கத்தியை ஓட்டுவார்கள். அதை கம்ப்யூட்டரில் தயார் செய்து பிளாட்டர் என்ற பெரிய பிரின்டரில் எடுப்பது கேட் (CAD) ரூம் வேலை. அந்த ரூமில் உட்காருபவள் செல்வி. நீலசந்திராவிலிருந்து வருவாள், என்னைவிட இரண்டு வயது சின்னவள். மார்க்கர் வராவிட்டால் கட்டிங் நிற்கும், கட்டிங் நின்றால் மத்தியானத்துக்குள் தையல் லைன்கள் நிற்கும்.

போய்ப் பார்த்தேன். ஃபோல்டர்கள் எல்லாம் இருந்தன, ஆனால் எதைத் தொட்டாலும் திறக்கவில்லை. ஃபோல்டர் படம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவை எல்லாம் வைரஸ் புரோகிராம்கள். உண்மையான ஃபோல்டர்களை அது மறைத்து வைத்திருந்தது. கமாண்ட் அடித்து அவற்றை வெளியே கொண்டுவந்து, வைரஸைத் துடைத்து, பிளாட்டர் ஓட ஆரம்பித்தபோது மணி பதினொன்று. பாபு பாய் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடினார்.

புதன்கிழமை மறுபடி வந்தது. வியாழக்கிழமையும் வந்தது.

2. மெமோ

கேட் ரூம் கம்ப்யூட்டருக்கு நெட்வொர்க் கிடையாது. எனவே வைரஸ் ஏதோ ஒரு பென் டிரைவில்தான் வருகிறது. ஆர்டர்களைக் கவனித்து அங்கே ஃபைல் கொண்டுவரும் மெர்ச்சண்டைசர்களின் டிரைவ்களை எல்லாம் வாங்கிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தன.

ஃபேக்டரி மேனேஜர் நஞ்சுண்டப்பா என்னைக் கூப்பிட்டார். "அந்தப் பொண்ணு சிஸ்டம்ல பாட்டு போட்டு கேக்குறாம்மா. அதான் வைரஸ். ஏற்கெனவே லேட்டா வந்ததுக்கு ரெண்டு மெமோ இருக்கு. இது மூணாவது. மூணாவதுன்னா கத முடிஞ்சுது."

"சார், சனிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க. வைரஸ் தானா கிளம்பாத மாதிரி பண்ணிட்டு உங்களுக்கு டெமோ காட்டுறேன்."

"சரி, நோடோணா, பாக்கலாம்," என்றார்.

செல்வி கேன்டீனில் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். "எங்கிட்ட பென் டிரைவே இல்லக்கா. சத்தியமா இல்ல. நா எதுல பாட்டு கொண்டாருவேன்?"

3. ஒரு சின்ன ஃபைல்

வைரஸ் பிடித்த கம்ப்யூட்டரில் ஒரு காலி பென் டிரைவைப் போட்டு எடுத்து, அதற்குள் என்ன ஏறியிருக்கிறது என்று பார்த்தேன். வைரஸோடு கூட ஆட்டோரன் என்று ஒரு சின்ன ஃபைலும் இருந்தது. நோட்பேடில் திறந்தால் நாலே வரி. இந்த டிரைவைத் திறந்தால் இந்தப் புரோகிராமை ஓட்டு என்று எழுதியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சிடி போட்டதும் தானாகவே இன்ஸ்டால் ஆரம்பிக்கட்டும் என்று வைத்த வசதி அது. வைரஸ்காரன் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வருகிறான்!

அந்த வசதியை எல்லா டிரைவ்களுக்கும் நிறுத்தும் ஒரு செட்டிங் இருந்தது. கேட் ரூம் கம்ப்யூட்டரைத் துடைத்துவிட்டு அதைப் போட்டேன். சோதித்துப் பார்க்க, வைரஸுக்குப் பதிலாகக் கால்குலேட்டரைத் திறக்கச் சொல்லும் ஆட்டோரன் ஃபைல் ஒன்றை நானே எழுதி என் பென் டிரைவில் வைத்தேன். செட்டிங் போடாத கம்ப்யூட்டரில் செருகினால் ஒரு பெட்டி வந்து கேட்கும், ஓகே தட்டினால் கால்குலேட்டர் குதித்து வரும். செட்டிங் போட்டதில் செருகினால் ஒன்றும் வராது. பத்து தடவை செருகிப் பார்த்தேன். பத்து தடவையும் ஒன்றும் வரவில்லை.

4. டெமோ

சனிக்கிழமை காலை கம்ப்யூட்டரை இன்னொரு தடவை துடைத்து வைத்தேன். கேட் ரூமில் மேனேஜர், பாபு பாய், செல்வி, நான். செட்டிங் போட்ட கேட் ரூம் கம்ப்யூட்டரிலும், செட்டிங் போடாத இன்னொன்றிலும் என் டிரைவை மாற்றி மாற்றிச் செருகிக் காட்டினேன்.

"க்யா பாத் ஹை!" என்று பாபு பாய் கை தட்டினார்.

மேனேஜருக்கும் சந்தோஷம். "சென்னாகிதே. நான் என் ரிப்போர்ட் எடுத்துக்கிறேன்" என்று கழுத்திலிருந்த தன் பென் டிரைவைக் கழற்றி, செட்டிங் போட்ட கம்ப்யூட்டரில் செருகினார். துணி எவ்வளவு செலவாகிறது என்ற ரிப்போர்ட்டை அவர் அடிக்கடி அங்கே வந்து எடுத்துக்கொண்டு போவார். எல்லாருடைய டிரைவையும் பார்த்த நான் அவருடையதைக் கேட்கவே இல்லை. கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

மை கம்ப்யூட்டரைத் திறந்து, டிரைவ் படத்தின் மேல் டபுள் கிளிக் செய்தார். ஃபோல்டர் திறந்தது. ரிப்போர்ட்டை காப்பி செய்துகொண்டு எழுந்தார். எல்லார் முகத்திலும் சிரிப்பு.

நான் பழக்கத்தில், என்னென்ன புரோகிராம் ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை. அது திறக்காமல் செய்வதுதான் அந்த வைரஸ் முதலில் செய்யும் வேலை. என் செட்டிங் அதைத் தடுக்கவில்லை.

அந்த ரூமில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். பேசாமல் இருந்தால் டெமோ வெற்றி. மத்தியானம் நானே வந்து துடைத்துவிட்டுப் போகலாம். மேனேஜர் கதவுவரை போய்விட்டார். செல்வி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சார், ஒரு நிமிஷம். நா போட்டது ஃபெயில் ஆயிடுச்சு. வைரஸ் இப்போ உள்ள வந்துருச்சு." அவர் கையிலிருந்த டிரைவைக் காட்டினேன். "உங்க டிரைவ்ல இருந்துதான் வந்துச்சு."

மேனேஜர் கதவிலிருந்து திரும்பி வந்தார்.

"நன்னதா? என் டிரைவா?"

"ஆமா சார். இன்னைக்குக் காலைல துடைச்ச மெஷின் இது. அப்புறம் என் டிரைவும் உங்க டிரைவும்தான் போட்டிருக்கு. என்னுதுல வெறும் கால்குலேட்டர்தான். நீங்களே பாருங்க." அவருடைய டிரைவை வாங்கிச் செருகி, மறைந்த ஃபைல்களைக் காட்டும் கமாண்டை அடித்தேன். வைரஸ் ஃபைல்கள் வரிசையாக வந்து நின்றன.

அவர் முகம் சிவந்தது. என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். ஆனால் அவர், "மனெல, வீட்டுல, மகன் இதுல கேம்ஸ் ஏத்துறான்," என்றார் மெதுவாக. செல்வியின் பக்கம் திரும்பி, "அந்த மெமோ பேடாம்மா. விடு," என்றார். என்னிடம், "நீ இத சரி பண்ணு. ஃபுல்லா."

செல்வி அப்போதுதான் அழுதாள்.

5. மூன்று வரி

நான் பென் டிரைவை எப்போதும் ரைட் கிளிக் செய்துதான் திறப்பேன். என் ஜாக்கிரதை அது. நான் போட்ட செட்டிங், டிரைவைச் செருகும்போது வரும் பெட்டியை மட்டும்தான் நிறுத்தியிருக்கிறது. டபுள் கிளிக் செய்தால் ஆட்டோரன் ஃபைல் அப்படியே ஓடுகிறது. நான் ஒரு தடவைகூட டபுள் கிளிக் செய்து பார்க்கவில்லை.

பக்கத்துத் தெரு சைபர் கஃபேயில் உட்கார்ந்து தேடினேன். யாரோ ஒரு புண்ணியவான் மூன்று வரி எழுதி வைத்திருந்தார். கம்ப்யூட்டரின் செட்டிங்குகள் எல்லாம் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் அதைப் போட்டால், ஆட்டோரன் ஃபைலைப் படிக்கப் போகும்போது, டிரைவில் பார்க்காதே, வேறோர் இடத்தில் பார் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அந்த வேறோர் இடம் என்பது எங்கேயுமே இல்லை! படித்துவிட்டு நான் சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து சீட்காரர் திரும்பிப் பார்த்தார்.

கேட் ரூமுக்கு ஓடினேன். துடைத்து, மூன்று வரியைப் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, என் கால்குலேட்டர் டிரைவைச் செருகினேன். மவுஸை செல்வியிடம் கொடுத்தேன்.

"டபுள் கிளிக் பண்ணு."

பண்ணினாள். ஃபோல்டர் திறந்தது. அவ்வளவுதான்.

"வரலக்கா!"

"இன்னொரு தடவ."

"வரலக்கா! வரவே இல்ல!" கத்திக்கொண்டே தட்டித் தட்டிப் பார்த்தாள். சத்தம் கேட்டு ஓடி வந்த பாபு பாய், "க்யா ஹுவா?" என்றார். "ஒண்ணும் ஆவல பாய், ஒண்ணுமே ஆவல!" என்று இரண்டு பேரும் குதித்தோம். அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலத்துக்குள் முப்பத்திரண்டு கம்ப்யூட்டருக்கும் போட்டு முடித்தோம். பாதிக்கு மேல் செல்வியே போட்டாள். திங்கட்கிழமை அக்கவுண்ட்ஸில் ஒருவர் சிடி கெட்டுப்போய்விட்டது, தானாக ஓடமாட்டேன் என்கிறது என்று சண்டைக்கு வந்தார். இனிமேல் நாமேதான் திறக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். கட்டிங் ஹால் அதற்குப் பிறகு அந்த வைரஸால் நிற்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஹெட் ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்தபோது மேனேஜர் அவர்களைக் கேட் ரூமுக்குக் கூட்டி வந்தார். "இதுல இருந்த ஓட்டைய நான்தான் கண்டுபுடிச்சேன்" என்றார். செல்வி உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது நிஜம். நான் பத்து தடவை செருகிப் பார்த்தும் கிடைக்காததை அவர் ஒரே டபுள் கிளிக்கில் காட்டிவிட்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் உங்களுக்குச் சொல்வது இதுதான். நீங்கள் செய்ததை நீங்களே சோதிக்காதீர்கள். உங்கள் கை தனக்குத் தெரிந்த வழியில்தான் போகும். மவுஸை வேறு யாரிடமாவது கொடுங்கள். அவர்கள் கையில் நீங்கள் செய்தது உடைந்தால், அவர்கள் கதவைத் தாண்டிப் போவதற்குள் சொல்லிவிடுங்கள்.